மான் தின்ற கடைசிப் பக்கம்

மீனின் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று சொன்னால், கோயம்புத்தூரில் என் மாமியார் வீட்டார் இன்றைக்கும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். திருகோணமலையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

போன காரியம் சின்னது. வெள்ளிக்கிழமை மாலை ஒரு பேச்சு. உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஆர்வமுள்ள ஊர்க்காரர்களுக்கும் மூளையின் ஸ்டெம் செல்களைப் பற்றித் தமிழில் சொல்ல வேண்டும். வியாழன் போய், ஞாயிறு திரும்பலாம். நடுவில் கடலும் சாப்பாடும் என்று நானே மனதுக்குள் ஒரு கால அட்டவணை போட்டிருந்தேன். அதில் சாப்பாட்டுப் பகுதி மட்டும் அளவுக்கு மீறி நிறைவேறியது.

வியாழக்கிழமை பஸ் நிலையத்தில் என்னை ஏற்றிக்கொண்டவர் ஆட்டோக்காரர் நிசாம். தோப்பூர்க்காரர். அவருடைய ஆட்டோவில் ஹாரன் வேலை செய்யவில்லை. அந்த வேலையையும் அவர் வாயே செய்தது.

"மிஸ் இந்தியாவா? டொக்டர் எண்டு சொன்னாங்க."

"டாக்டர்தான். ஆனா மருந்து குடுக்கிற டாக்டர் இல்ல. மீன் மூளையப் படிக்கிற டாக்டர்."

"அல்லாஹ்! மீனுக்கு மூளை இரிக்கா?"

"முன்னால போறாரே அந்த பஸ் டிரைவர், அவரவிட அதிகமாவே இருக்கு" என்றேன். அந்த பஸ் சிக்னல் எதுவும் போடாமல் சட்டென்று திரும்பியிருந்தது. நிசாம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் ஆட்டோ ஒரு மதகை உரசி, முன்சக்கரம் புஸ்ஸென்று இறங்கிவிட்டது. வாய்க்கொழுப்புக்கு உடனடித் தண்டனை.

அவர் டயர் மாற்றிய நேரத்தில் எதிரே இருந்த கடையில் மாலு பணிஸ் வாங்கித் தின்றேன். எங்கள் ஊர் பன்னைக் கடித்தால் டூட்டி ஃபுரூட்டி வரும், அதிர்ஷ்டம் இருந்தால். இங்கே முக்கோணமாக ஒன்றைத் தருகிறார்கள். கடித்தால் உள்ளே மிளகு போட்ட மீனும் உருளைக்கிழங்கும். மூன்று தின்றேன். நிசாம் ஜாக்கியைச் சுழற்றிக்கொண்டே, நான் தங்கப்போகும் வீட்டுக்காரரின் கதையைச் சொன்னார்.

"தங்கராசா அண்ணன் சல்லிக் கடக்கரையில மண்டாடி, மிஸ். கரைவலைக்குத் தலைவர். தோணி வலையோட தண்ணியில நிக்கும். இவர் கரையில நிண்டு மீன் கூட்டத்தப் பாப்பார். தோள்ல கிடக்கிற துவாயத் தூக்கிப் பிடிச்சா, பொறு. ஒருத்தனும் துடுப்புப் போட ஏலாது. இறக்கினா, போ. அவ்வளவுதான். இப்ப எட்டு மாசமா பாரிசவாதம். வலது கை விழுந்திட்டு. அவர் இல்லாம பொடியனுகள் அவசரப்பட்டு எல்லாரும் ஒரேயடியா வலையப் போடுறானுகள். மீன் ஓடிருது."

வீடு கடலைப் பார்த்து இருந்தது. மாடியில் ஓர் அறையை வெளியூர்க்காரர்களுக்கு விடுகிறார்கள். தங்கராசாவின் மனைவி யோகா அக்கா என்னை வாசலிலேயே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். தங்கராசா முன்னறையில் ஒரு கதிரையில் அமர்ந்திருந்தார். அகன்ற தோள். வலது கை மடியில் கிடந்தது, யாரோ அங்கே வைத்துவிட்டு மறந்து போன பொருள் போல. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பேச்சு மெதுவாகத்தான் வரும் என்று யோகா அக்கா சொன்னார்.

புட்டும் சொதியும் கட்டச் சம்பலும் வந்தன. இரண்டாவது முறை புட்டுப் போட்டுக்கொண்டபோது, அலுமாரிக்குள் இருந்து யோகா அக்கா ஒரு வழவழப்பான தாளை எடுத்து வந்து என் முன்னால் விரித்தார். ஏதோ ஒரு வைத்தியசாலையின் விளம்பரம். ஒரு வெள்ளைக்காரர் புல்வெளியில் ஓடிக்கொண்டிருந்தார். கீழே "ஸ்டெம் செல் ஊசி: பாரிசவாதத்துக்கு விடுதலை" என்று அச்சிட்டிருந்தது.

"டொக்டர், உங்கட ஊர்ப்பக்கம்தான் இந்த ஊசி போடினமாம். ஞாயிற்றுக்கிழமை புல்மோட்டையில இருந்து ஒருத்தர் எங்கட தோணியையும் வலையையும் வாங்க வாறார். அதை வித்துப்போட்டு இவரைக் கூட்டிக்கொண்டு போகப் போறன். நீங்கள் இதைப் படிச்ச ஆள். ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. இது சரிவரும்தானே?"

சரிவராது. அது எனக்கு அந்தத் தாளைப் பார்த்ததுமே தெரியும். இன்றைக்கு வரைக்கும் அப்படி ஒரு ஊசி பாரிசவாதத்தைக் குணமாக்கும் என்று நிரூபணமாகவில்லை. ஆராய்ச்சி நடக்கிறது, அவ்வளவுதான். ஆனால் யோகா அக்காவின் கண்ணில் இருந்த அந்த எதிர்பார்ப்பு! தங்கராசாவும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புட்டு ரொம்ப மெத்துன்னு இருக்குக்கா" என்றேன்.

இப்படி ஒரு கோழை நான் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நிசாம் என்னைக் கோட்டை வாசலில் இறக்கிவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போனார். "இதிலயே நில்லுங்க மிஸ், வந்திருவன்." கோணேசர் கோவிலுக்குப் போகும் பாதை அது. புள்ளிமான்கள் நம் ஊர்த் தெருநாய்களைப் போலச் சாவகாசமாகத் திரிகின்றன. ஒன்று ஆட்டோக்களுக்கு நடுவில் படுத்து அசைபோட்டது. எங்கள் ஊரில் மானைப் பார்க்க வேண்டுமென்றால் காட்டிலாகா ஜீப்பில் ஏறி, ஐந்து மணி நேரம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். எனக்கு அந்த இரண்டாவது விஷயம்தான் முடியாது.

மரத்தடிக் கல்லில் உட்கார்ந்து பேச்சுக் குறிப்புகளைப் புரட்டினேன். ஒன்பது பக்கம். தண்ணீர் குடிக்க பாட்டிலைத் திறந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு மூக்கு வந்தது. நான் "ஏய்!" என்று இழுத்தேன். எட்டுப் பக்கம் என் கையில், கடைசிப் பக்கம் அதன் வாயில். பெரிய கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே மென்று விழுங்கியது. ஏதோ வெற்றிலை போடுகிற மாதிரி.

அந்தக் கடைசிப் பக்கத்தின் தலைப்பு: "எச்சரிக்கை: மனிதர்கள் மீன்கள் அல்ல."

மாலையில் மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் யோகா அக்கா, நல்ல சேலை கட்டி, மடியில் கைப்பையோடு. நான் பேசத் தொடங்கினேன். நன்றாகவே பேசினேன், அதுதான் கேடு.

மீனின் மூளையில் உள்ளே இருக்கும் திரவத்தை ஒட்டி, ஸ்டெம் செல்கள் வரிசையாகத் தூங்குகின்றன என்றேன். தூங்குகின்றன என்றால் சோம்பேறிகள் என்று அர்த்தமில்லை. பக்கத்துச் செல் ஒன்று தொட்டுக்கொண்டே நின்று "இப்போது வேண்டாம், இப்போது வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தச் சமிக்ஞைக்கு நாட்ச் என்று பெயர். ஒரு பழ ஈயின் இறகு ஓரத்தில் வெட்டுப்பட்டது போல இருந்ததால் வைத்த பெயர். இன்னொரு சமிக்ஞைக்கு முள்ளெலியின் பெயர். விஞ்ஞானிகளிடம் குழந்தைக்குப் பெயர் வைக்கக் கொடுக்கக் கூடாது என்றதும் பிள்ளைகள் சிரித்தார்கள்.

மீனின் மூளையில் காயம் பட்டால், அங்கே ஏற்படும் வீக்கமே அவற்றை எழுப்பும் மணியாகிறது. "வேண்டாம்" என்ற குரல் தணிகிறது. செல்கள் எழுந்து, பிரிந்து, புது நரம்புச் செல்களாகிக் காயத்தை நோக்கிப் போகின்றன. சில வாரத்தில் அந்த மீன் ஒன்றுமே நடக்காத மாதிரி நீந்தும். "மீனின் மூளை தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும்!" என்று கையை உயர்த்திச் சொன்னேன். கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல்.

இந்த இடத்தில்தான் கடைசிப் பக்கம் வந்திருக்க வேண்டும். மான் தின்றுவிட்டது என்று நான் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறேன். உண்மையைச் சொன்னால், அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். கைதட்டல் இனித்தது, யோகா அக்காவின் முகம் மலர்ந்திருந்தது, நான் "நன்றி, வணக்கம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை, குசினியில் இருந்து வந்த வாசனையில் விழித்தேன். கீழே இறங்கினால் மேசை நடுவில் ஒரு சட்டி. சட்டிக்குள் இருந்து ஒரு பாரை மீன் தலை என்னைப் பார்த்தது.

தங்கராசா முன்னால் ஒரு தட்டு. தட்டிலும் ஒரு தலை.

"நீங்கள் நேற்றுச் சொன்ன உடன எனக்கு விளங்கிட்டுது டொக்டர்" என்றார் யோகா அக்கா உற்சாகமாக. "சரிசெய்யிற சாமான் முழுக்க மீனிட தலைக்குள்ள கிடக்கு. நாங்கள் இவ்வளவு காலமும் உடம்பைத் திண்டுபோட்டுத் தலையப் பூனைக்கு எறிஞ்சிருக்கிறம். எங்களப் போல முட்டாளுகள் ஆர் இருக்கினம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஒரு சத்தம். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு விளைமீன் தலை. பத்து நிமிடத்தில் மறுபடியும் ஒரு சத்தம். வலைக்காரர்கள் சல்லியில் இருந்து ஒரு கூடை அனுப்பியிருந்தார்கள். எல்லாம் தலை. மண்டபத்தில் கேட்டவர்கள் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். கடலையே பார்த்து வாழ்கிற ஊரில் "மீன் தலையில் மருந்து இருக்கிறது" என்று ஓர் இந்திய டாக்டர் சொன்னால் வேறென்ன நடக்கும்? மத்தியானம் நிசாமும் வந்தார், கையில் ஒரு பை.

"வீட்ட சொன்னன் மிஸ். கொடுவா. தலை மட்டும். முள்ளு எடுத்திரிக்கி."

காலையில் குழம்பு, மத்தியானம் பொரியல், மூன்று மணிக்குச் சூப். தங்கராசா ஒவ்வொரு தலையையும் மெதுவாக, இடது கையால், தின்று முடித்தார். யோகா அக்கா ஊட்டிய நம்பிக்கையை மறுக்க அவருக்கு மனமில்லை. ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் இடையில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் என் பரீட்சை மேற்பார்வையாளர்களிடம்கூடப் பார்த்ததில்லை.

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. நாலு மணித் தேத்தண்ணியோடு குசினிக்குள் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, நான் நேத்து பாதிதான் சொன்னேன். மீன் செல்லு மீனுக்குத்தான். தின்னா வயித்துல போய் சோறு மாதிரி செரிச்சிடும். அது அண்ணன் தலைக்கு ஏறாது."

"அப்ப அந்த ஊசி?"

"அதுவும் இன்னிக்கு வரைக்கும் குணமாக்கும்னு யாரும் நிரூபிக்கல."

யோகா அக்கா கரண்டியை வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"வியாழக்கிழமை கேட்டனான். அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே. சபையில ஏறி நிண்டு சரிசெய்யும், சரிசெய்யும் எண்டு சொன்னது நீங்கள்தானே? நம்பிக்கையைக் கையில குடுத்துப்போட்டுப் பிடுங்கிறதோ உங்கட படிப்பு?"

எனக்கு வெட்கமாக இருந்தது. இருபது வருடப் படிப்பும் அந்தக் குசினியில் ஒரு பைசாவுக்கு உதவவில்லை. "மன்னிச்சிடுங்கக்கா. பயந்துட்டேன்" என்றேன். அதைத் தவிர உண்மையாக வேறு எதுவும் இல்லை.

முன்னறையில் இருந்து ஒரு தட்டல். தங்கராசா இடது கையால் கதிரையைத் தட்டினார். அவருக்குக் கேட்டுவிட்டது. நாங்கள் போனதும் என்னைப் பார்த்து, "சொல்லுங்கோ. முழுக்க" என்றார்.

அப்போது நிசாம் சொன்ன துவாய் நினைவுக்கு வந்தது. கொடியில் கிடந்த துவாயை எடுத்து அவரிடம் கொடுத்தேன். "அண்ணே, நீங்க கரையில இதத் தூக்கிப் பிடிச்சா தோணி நிக்கும்ல? மூளைக்குள்ள அந்த வேலையத்தான் பக்கத்துச் செல்லு பாக்குது. எப்ப எழும்பணும், எவ்வளவு பேர் எழும்பணும், எங்க போகணும், எல்லாத்துக்கும் ஆளு உண்டு. அந்தத் துவாய எடுத்துட்டா என்ன ஆகும்னு மீன்ல பாத்திருக்கோம். எல்லாச் செல்லும் ஒரேயடியா எழும்பும். அப்புறம் கையிருப்புத் தீந்து போகும்."

"வலை... பிழைக்கும்" என்றார் தங்கராசா. இங்கே பிழைப்பது என்றால் தவறிப்போவது.

"அதேதான். மனுஷ மூளையில அந்த மாதிரி தூங்குற செல்லு ரொம்பக் கொஞ்சம். பெரியவங்களுக்கு இருக்கான்னே சண்டை போட்டுக்கிறோம்."

அவர் துவாயை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"ஊசியில... போறவைக்கு... கரையில... ஆர்?"

"அந்தச் செல்லுக்கெல்லாம் துவாய் பிடிக்க யாரும் இல்லண்ணே."

தங்கராசா சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது. ஆனால் அது முழுச் சிரிப்பு. நான் ஒன்பது பக்கத்தில் எழுதியதை மனிதர் நாலே சொல்லில் கேட்டுவிட்டார். யோகா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "கை ஏலாத மனிசனை வச்சுக்கொண்டு தோணியை என்ன செய்யிறது? நாளைக்கு அந்த ஆள் வரத்தான் போறார்" என்று எழுந்து உள்ளே போனார்.

ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுக்கிறார்களே, போகிறாரா என்று தங்கராசாவிடம் கேட்டேன். பந்தை அமுக்கச் சொன்னார்களாம், சின்னப் பிள்ளை விளையாட்டு என்று இரண்டு மாதத்தில் விட்டுவிட்டாராம். எனக்குக் கோபம் வந்தது. "புதுச் செல்லு வராட்டியும் மிச்சம் இருக்கிற செல்லு புதுசாக் கத்துக்கும். வலது கைய இடது கையோட சேத்து வேல வாங்கினாத்தான் அது கத்துக்கும். எவ்வளவு வரும்னு எனக்குச் சொல்லத் தெரியாது. பந்து வேண்டாம்னா வேற எதையாவது பிடிங்க!" என்று கத்தியே விட்டேன். அவர் துவாயைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நிசாமின் வாய் ஹாரன் வாசலில் கேட்டது. யார் வரச் சொன்னது என்று யாருக்கும் தெரியவில்லை. தங்கராசா ஏற்கெனவே ஊன்றுகோலோடு வாசலில் நின்றார். எட்டு மாதமாகக் கடற்கரைப் பக்கம் தலைகாட்டாத மனிதர்.

"எங்க போறியள்?" என்றார் யோகா அக்கா.

"சல்லி."

"என்னத்துக்கு?"

குசினிப் பக்கம் பார்த்தார். அங்கே அன்றைய தலைக்கு மஞ்சள் தடவிவைத்திருந்தது. "தலையில... இருந்து... தப்ப" என்றார்.

நாலு பேரும் ஆட்டோவில் ஏறினோம். அவர் உட்கார ஒரு பிளாஸ்டிக் கதிரையை நான் மடியில் வைத்துக்கொண்டேன். வழியில் ஒரு மாட்டுக்காக நிசாம் சட்டென்று நிறுத்தியதில் கதிரையின் கால் என் நெற்றியில் ஒரு முத்திரை வைத்தது.

சல்லியில் தோணி வலையோடு தண்ணீரில் நின்றது. தங்கராசாவைக் கண்டதும் வலைக்காரர்களின் சத்தம் அடங்கியது. ஈர மணலில் கதிரையைப் போட்டோம். அவர் துவாயின் ஒரு முனையை வலது மணிக்கட்டில் சுற்றச் சொல்லி யோகா அக்காவிடம் நீட்டினார். அக்கா சுற்றி முடிச்சுப் போட்டார். மறுமுனை இடது கையில். இடது கை மேலே போனது. வலது கையும் கூடவே, இழுபட்டு, நெஞ்சுயரம் வரை வந்தது.

பொறு.

தோணி நின்றது. தண்ணீர் ஓரிடத்தில் கறுத்துக் கலங்கியது. எனக்கே தெரிந்தது, மீன்! "அதோ, அதோ! போகச் சொல்லுங்கண்ணே!" என்று குதித்தேன். மீன் டாக்டராம். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துவாய் இறங்கவில்லை.

அப்போது யோகா அக்காவின் கைப்பேசி அடித்தது. திரையைப் பார்த்தார். முகம் மாறியது. "புல்மோட்டைக்காரர். பஸ்ஸால இறங்கிட்டார் போல" என்றார். விரல் அழைப்பை எடுக்கப் போனது.

தங்கராசா கதிரையிலேயே அரைவட்டமாகத் திரும்பினார். துவாய் அப்படியே மேலே இருந்தது. இப்போது அது தோணியைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தது.

கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது. தோணியில் இருந்த எட்டுப் பேரும் துடுப்பை அசைக்காமல் இருந்தார்கள். யோகா அக்கா அவரைப் பார்த்தார், அந்த வலது கையைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. விரலை விலக்கிக்கொண்டார். அடித்து அடித்து அது ஓய்ந்தது.

தங்கராசா கடல் பக்கம் திரும்பினார். இன்னும் கொஞ்சம் பொறுத்தார். பிறகு துவாய் இறங்கியது.

துடுப்புகள் ஒரே நேரத்தில் விழுந்தன. வலை அரைவட்டமாகப் போய்க் கரை திரும்பியது. இரண்டு பக்கமும் கயிறு பிடித்தார்கள், நானும் நிசாமும் உட்பட. உள்ளங்கை தோலுரிந்தது. வலை பிரமாதமாக நிறைந்தது என்று எழுத ஆசைதான். பாதி சொறிமுட்டை என்கிற ஜெல்லிமீன், ஒரு கூடை சூடை மீன், அதற்கு நடுவில் ஒரே ஒரு பெரிய பாரை. ஆனால் வலை பிழைக்கவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். யோகா அக்கா கொஞ்ச தூரம் தள்ளிப் போய்க் கைப்பேசியில் கதைத்துவிட்டு வந்தார்.

"விக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டன்" என்றார் அவரிடம். "ஆனா திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரவேணும். பந்தும் அமுக்கவேணும்."

"ஓம்" என்றார் தங்கராசா.

மத்தியானம் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் கடைசிச் சாப்பாடு. பாரையின் நடுத்துண்டுகள் அவர் தட்டுக்குப் போயின. யோகா அக்கா தலையை அகப்பையில் எடுத்து, பழக்கதோஷத்தில் அவர் பக்கம் கொண்டுபோனார். தங்கராசாவின் இடது கை குறுக்கே வந்தது.

"தலை... டொக்டருக்கு" என்றார்.

ஒரு முள் விடாமல் தின்றேன். மூளையையும் உறிஞ்சினேன். அந்த வீட்டில் அது தேவைப்பட்டது எனக்கு ஒருத்திக்குத்தான்.